வீடும் பள்ளியும் பேசிக்கொள்ளட்டும்



பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் நாட்களில் பிள்ளை வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்தால், அந்தப் படிப்பை யார் தாங்குவது? எப்படித் தாங்குவது? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். செல்பேசி பற்றியும் இணையம் பற்றியும் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். பேசத்தான் போகிறேன். ஆனால் நான் முதலில் கேட்க விரும்பும் கேள்வி வேறு. பள்ளியும் வீடும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா? பேசினால் எப்படிப் பேசுகின்றன? அந்தப் பேச்சு நன்றாக நடந்தால், சாதாரண பட்டன் போன் மட்டும் இருக்கிற வீட்டிலும் பிள்ளை படிக்கும். அந்தப் பேச்சு அறுந்துபோனால், மடிக்கணினி இருக்கிற வீட்டிலும் படிப்பு நின்றுபோகும். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். உங்களையும் நம்பவைக்கவே வந்திருக்கிறேன்.

"கொரோனாக் காலம்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு அந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் போனது கொரோனாக் காலம் மட்டுமே. பள்ளி பூட்டப்படும் நாட்கள் நம்மை விட்டுப் போய்விடவில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பள்ளிகள் நாள்கணக்கில் மூடிக்கிடந்தன. கடல் கடந்து இலங்கையைப் பாருங்கள். 2022-இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பேருந்து ஓடவில்லை, ஆசிரியர்கள் பள்ளிக்கு வர முடியவில்லை, நகரப் பள்ளிகளின் பாடம் மறுபடியும் வீட்டுக்கு வந்தது. மழை வரும், வெள்ளம் வரும், நோய் வரும். ஒரு பிள்ளைக்குக் கால் முறிந்து இரண்டு மாதம் படுக்கையில் இருக்க நேர்ந்தாலும் அதுவும் தொலைவிலிருந்து கற்க வேண்டிய நிலைதான். மழைக்கு முன்பே கூரை வேய்கிறவர்கள் நாம். இந்தக் காரியத்திலும் முன்கூட்டியே யோசிக்க வேண்டாமா?

யோசிப்பதற்கு முன், நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம்.

2020 மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 2021 ஜனவரி 19 அன்று பள்ளிக்கு வந்தார்கள். பிறகு இரண்டாம் அலை வந்தது, மறுபடியும் பூட்டு. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் சிறு பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஏறத்தாழ 19 மாதங்கள்! ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குப் போன குழந்தை, திரும்பி வரும்போது மூன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தது. இடையில் இருந்த இரண்டாம் வகுப்பை அந்தக் குழந்தை எங்கே படித்தது? வீட்டில். யாரோடு படித்தது? அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அரசு கைகட்டி நிற்கவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியே வகுப்பு வகுப்பாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. பாடநூல்களில் அச்சிடப்பட்டிருந்த க்யூஆர் குறியீட்டைச் செல்பேசியில் காட்டினால் காணொலி வந்தது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்கள் தொடங்கினார்கள். பாடம் இருந்தது, கருவியும் இருந்தது. பிள்ளையின் கைக்கு எட்டியதா?

பிரதம் அமைப்பு நடத்திய ஏசர் 2021 ஆய்வு இந்தியக் கிராமப்புறங்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது. 2018-இல் 36.5 விழுக்காடு பிள்ளைகளின் வீட்டில்தான் ஸ்மார்ட்போன் இருந்தது. 2021-இல் அது 67.6 விழுக்காடாக உயர்ந்தது. எவ்வளவு பெரிய வளர்ச்சி! ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. போன் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளிலேயே 26.1 விழுக்காட்டினர், அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல், படிப்புக்காக அதைத் தொடவே முடியவில்லை. வீட்டில் போன் இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை. அப்படியானால் அந்தப் போன் எங்கே இருந்தது? அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. வேலைக்குப் போன அண்ணனோடு வெளியே போயிருந்தது. ரீசார்ஜ் செய்யக் காசில்லாமல் அலமாரியில் கிடந்தது. இது பள்ளிக்குத் தெரியுமா? தெரியாது. யாருக்குத் தெரியும்? வீட்டுக்குத்தான் தெரியும். வீட்டுக்குத் தெரிந்தது பள்ளிக்குத் தெரிய என்ன வழி? பேச்சு ஒன்றுதான் வழி.

அந்தப் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று இப்போது பார்ப்போம்.

ஓர் ஆசிரியை, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் வீட்டுக்குப் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணி இணைய வகுப்புக்கு ஒருநாளும் வராத பையன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கூப்பிடுகிறார். அம்மா எடுக்கிறார்.

"வணக்கம்மா, ஸ்கூல்ல இருந்து டீச்சர் பேசறேன்."

"ஐயோ, என்ன டீச்சர்? பையன் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டானா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. போன வாரம் கணக்கு நோட்டைப் படம் பிடிச்சு அனுப்பியிருந்தான். பெருக்கல் எல்லாம் சரியா போட்டிருக்கான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எப்பம்மா உட்கார்ந்து படிக்கிறான்?"

"ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் டீச்சர். அவங்கப்பா கொத்தனார் வேலைக்குப் போறாரு. போனு அவரோட சைட்டுக்குப் போயிடும். அவரு வந்தப்புறம்தான் இவன் கைக்கு வரும்."

பெற்றோர்களே, ஆசிரியர்களே, இந்தச் சின்ன உரையாடலைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பள்ளியிலிருந்து பேசுகிறேன் என்றதும் அந்தத் தாய் ஏன் பதறினார்? பள்ளி நம் வீட்டைக் கூப்பிடுகிறது என்றாலே குற்றம் சொல்லத்தான் என்று பழகிவிட்டது. "பையன் படிக்கிறதே இல்லை", "பொண்ணு வீட்டுப்பாடம் முடிக்கலை", "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா". இதைத் தவிர வேறு சொல் பள்ளியிலிருந்து வந்து எத்தனை நாள் ஆயிற்று? அந்த ஆசிரியை முதலில் நல்ல செய்தியைச் சொன்னார். நல்ல செய்தியைக் கேட்ட தாய் உண்மையைச் சொன்னார். அந்த உண்மை என்ன? பையன் சோம்பேறி அல்லன். பத்து மணி வகுப்புதான் அந்த வீட்டுக்குப் பொருந்தாத வகுப்பு. இனி ஆசிரியை என்ன செய்வார்? மாலையில் ஒரு குரல்பதிவை அனுப்பிவைப்பார். இரவு எட்டு மணிக்குப் பையன் கேட்பான். ஐந்து நிமிடப் பேச்சில் ஒரு பிள்ளையின் படிப்பு மீண்டும் தொடங்கிவிட்டது. இதற்குப் புதிய செயலி வேண்டுமா? புதிய கருவி வேண்டுமா? காது கொடுத்துக் கேட்கும் மனம் வேண்டும்.

அடுத்து, பள்ளி அனுப்பும் செய்தி எப்படி இருக்க வேண்டும்?

ஒரு வகுப்புக்கு ஒரு குழு போதும். தமிழுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, அறிவிப்புக்கு ஒன்று என்று குழுக்கள் பெருகினால், எழுதப் படிக்கக் கொஞ்சமே தெரிந்த பெற்றோர் எதைத் திறப்பார், எதை விடுவார்? ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதும். நாள்தோறும் ஒரே நேரத்தில் வரட்டும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், பிள்ளை என்ன செய்ய வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும், இந்த நான்கும் அதில் இருந்தால் போதும். எழுத்தாக அனுப்புவதோடு குரலாகவும் அனுப்புங்கள். படிக்கத் தெரியாத தாயும் கேட்டுப் புரிந்துகொள்வார். ஒரு பிள்ளையின் குறையைப் பொதுக்குழுவில் போடாதீர்கள். "இன்னும் வீட்டுப்பாடம் அனுப்பாதவர்கள்" என்று பெயர்ப்பட்டியல் போட்டால், அந்தப் பட்டியலைப் பார்க்கும் பெற்றோர் வெட்கத்தில் குழுவை விட்டே விலகிப்போவார். விலகிப்போனவரை மறுபடியும் எப்படி அழைத்து வருவீர்கள்? பாராட்டு நாலு பேர் முன்னே இருக்கட்டும். குறை தனிப்பேச்சில் இருக்கட்டும்.

இப்போது பெற்றோர்களிடம் வருகிறேன்.

"நாங்க படிக்காதவங்க. எங்களால பிள்ளைக்கு என்ன சொல்லித்தர முடியும்?" இந்தக் கேள்வியை எத்தனை தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள்! அந்தக் குரலில் இருக்கும் வேதனை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. அம்மா, நீங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாடம் நடத்த ஆசிரியர் இருக்கிறார். ஆசிரியருக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பிள்ளை உங்கள் கண்ணெதிரே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கிறாள். ஆசிரியர் கேட்டபடி வீட்டார் அதைப் பதிவுசெய்து அனுப்புகிறார்கள். புத்தகத்தில் "குருவி மரத்தில் கூடு கட்டியது" என்று அச்சிட்டிருக்கிறது. குழந்தை "குருவி மரத்தில் கூடு கட்டுச்சு" என்கிறாள். கேட்பவர்களுக்குத் தங்குதடையில்லாமல் வாசிப்பது போலவே இருக்கும். ஆனால் ஆசிரியர் ஐயப்படுகிறார். குழந்தை எழுத்தைப் பார்த்து வாசிக்கிறாளா, சொல்லின் முதல் பாதியைப் பார்த்துவிட்டு மீதியைத் தானாக நிரப்பிக்கொள்கிறாளா? குரலை மட்டும் கேட்டு இதை முடிவு செய்ய முடியாது. பக்கத்தில் இருப்பவரால் முடியும்.

ஆசிரியர் அந்தத் தாயிடம் சொல்கிறார்: "அம்மா, பாப்பா வாசிக்கிறப்போ ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைக்கச் சொல்லுங்க. நீங்க அவ விரலை மட்டும் பாருங்க. வாய் முன்னாடி ஓடி விரல் பின்னாடி போச்சுன்னா, அவ ஞாபகத்துல இருந்து சொல்றா. விரல் ஒரு சொல்லுக்குக் கீழே நின்னு வாய் திணறினா, அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சில்ல ஒரு புள்ளி வைங்க. பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்க."

அந்தத் தாய்க்கு ஓர் எழுத்தும் தெரியாமல் இருக்கலாம். விரலும் குரலும் ஒன்றாகப் போகின்றனவா என்று பார்க்க எழுத்துத் தெரிய வேண்டுமா? மறுநாள் புள்ளி வைத்த பக்கம் ஆசிரியரிடம் வருகிறது. புள்ளிகள் எல்லாம் எங்கே இருக்கின்றன? "கற்றான்", "முயற்சி", "காய்ச்சல்" என்று மெய்யெழுத்துச் சேர்ந்து வரும் சொற்களுக்குக் கீழே இருக்கின்றன. குழந்தைக்கு எங்கே தடை என்று ஆசிரியருக்கு வெளிச்சமாகிவிட்டது. அடுத்த வாரம் அந்தச் சொற்களையே எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார். படிக்காத தாயும் படித்த ஆசிரியரும் சேர்ந்து ஒரு குழந்தையைப் படிக்க வைத்துவிட்டார்கள்! இதைத்தான் நான் பேச்சு என்கிறேன். இந்தப் பேச்சுக்குத்தான் நான் வாதாட வந்திருக்கிறேன்.

பெற்றோர்களே, பள்ளி கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். நீங்களாகவே சொல்லுங்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கிறதா? சொல்லுங்கள். வேலை போய்விட்டதா? சொல்லுங்கள். செங்கல் சூளை வேலைக்காகக் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிறீர்களா? எந்த ஊர், எத்தனை மாதம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தனுப்பவும், போகிற ஊரில் எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று சொல்லவும் அவரால் முடியும். பிள்ளை கொஞ்ச நாளாகச் சாப்பிடாமல், பேசாமல், மூலையில் உட்கார்ந்திருக்கிறதா? அதையும் சொல்லுங்கள். இவையெல்லாம் குடும்ப விஷயம், பள்ளிக்கு எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையின் மனம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எந்த ஆசிரியராலும் அதைப் படிப்பின் பக்கம் திருப்ப முடியாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு வீட்டிலிருந்து பதிலே வராவிட்டால், அந்த அமைதியை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் எத்தனையோ சிறுவர்கள் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். பல பெண் குழந்தைகளுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கப்பட்டது. வகுப்பறையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் உடனே கண்ணில் படும். போன் திரையில் அது கண்ணில் படாது. ஆகவே, தொடர்ந்து பதில் வராத வீட்டைத்தான் முதலில் தேடிப்போக வேண்டும். ஆபத்து என்று தோன்றினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. படிப்பு தொடர்பான ஐயங்களுக்குத் தமிழ்நாட்டில் 14417 என்ற உதவி எண் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டு அட்டையிலும் எழுதிவையுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. போன் கையில் இருக்கிறது, இணையமும் இருக்கிறது, பிள்ளை நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று வருந்தும் வீடுகளும் இந்த அரங்கில் உண்டு. 2020 ஜூலையில் மத்தியக் கல்வித்துறை வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளில் இரண்டு அமர்வுகளுக்கு மேல் நேரடி இணைய வகுப்பு வேண்டாம் என்றது. ஓர் அமர்வு 30 முதல் 45 நிமிடம் வரை. மழலையர் வகுப்புக்கோ, பெற்றோரோடு பேசி வழிகாட்டுவதற்கு அரை மணி நேரம் போதும் என்றது. எண்ணிப் பாருங்கள், மழலையர் வகுப்பில் பள்ளி பேச வேண்டியது குழந்தையிடமா, பெற்றோரிடமா? பெற்றோரிடம் என்று அந்த வழிகாட்டுதலே சொல்கிறது. எனவே, "இன்னும் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுங்கள்" என்று பள்ளியை நெருக்காதீர்கள். "இன்றைய பாடத்தைத் திரை இல்லாமல் எப்படிச் செய்துபார்க்கலாம்?" என்று கேளுங்கள். அரிசி அளக்கும் ஆழாக்கில் கொள்ளளவு இருக்கிறது. பேருந்துச் சீட்டில் கூட்டல் இருக்கிறது. ஆசிரியர் வழி சொல்வார்.

பேச்சின் வலிமையை இந்த மாநிலமே ஒருமுறை கண்டது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் தெருவிலேயே, திண்ணையிலேயே, கோயில் மண்டபத்திலேயே மாலை நேரத்தில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். அப்படிப்பட்ட தன்னார்வல அக்காவுக்குப் பிள்ளையின் வீடு தெரியும். பிள்ளையின் பாட்டி தெரியும். பிள்ளை ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்று வாசலில் நின்றே கேட்டுவிட முடியும். தொலைக்காட்சியால் முடியாத எது அந்த அக்காவால் முடிந்தது? கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடிந்தது. படிப்பு விட்டுப்போன பிள்ளைகளைத் திரும்பப் பிடிக்க, கடைசியில் நம் தெருக்காரர்களே வேண்டியிருந்தார்கள்.

பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான உறவு ஒருவருடைய நல்ல மனத்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. சட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. 2022-இல் தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்கள் புதிதாகக் கட்டமைக்கப்பட்டன. தாய்மார்களே, அந்தக் குழுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு உங்கள் வேலை முடிந்துவிடுகிறதா? "பள்ளி பூட்டினால் நம் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவீர்கள்?" என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி இருக்கிறது.

ஆசிரியர்களின் சுமையையும் நான் மறக்கவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நாற்பது வீடுகளோடும் தினமும் பேச முடியுமா? முடியாது. ஒரு நாளைக்கு ஐந்து வீடுகளோடு பேசினால் எட்டு வேலை நாளில் நாற்பது வீடும் முடிந்துவிடும். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 25 நிமிடம். அந்த 25 நிமிடத்தை ஆசிரியரின் பணி நேரமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தப் போன் செலவைப் பள்ளி ஏற்க வேண்டும் என்று கல்வி அதிகாரிகளை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்களும் இரவு பத்து மணிக்கு ஆசிரியரைக் கூப்பிட வேண்டாம். அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நிறைவாக, ஒரே ஒரு காரியம். பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. அடுத்த மழை விடுமுறை வருவதற்குள் ஒவ்வொரு வகுப்பு ஆசிரியரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் எழுதிவையுங்கள். வீட்டில் யாருடைய போன்? அது எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும்? போனே இல்லையென்றால் பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும்? வீட்டில் பிள்ளையோடு உட்காரக்கூடியவர் யார், அம்மாவா, பாட்டியா, அக்காவா? நான்கே கேள்விகள். பெற்றோர்களே, ஆசிரியர் கேட்கும் வரை பொறுத்திராமல், இந்த நான்கு பதில்களோடு நாளை காலையே பள்ளி வாசலுக்குப் போங்கள். ஆசிரியர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பள்ளி பூட்டிய பிறகு தொடங்கும் பேச்சு அவசரப் பேச்சாகத்தான் இருக்கும். பள்ளி திறந்திருக்கும்போதே தொடங்கினால் அது உறவாக வளரும். அந்த உறவு நம்மிடம் இருந்தால் புயல் வரட்டும், வெள்ளம் வரட்டும், நோய் வரட்டும், நம் பிள்ளைகளின் படிப்பு நிற்காது. நிற்கவும் நாம் விடக்கூடாது. இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.